ஹாங்காங் பாட்டிக்கு ஒரு நன்றி

கப்பல் ஹாங்காங்கில் ஒரே ஒரு பகல்தான் நின்றது. அன்றைக்குப் பார்த்தா அப்படி ஊற்ற வேண்டும்! சிம் ஷா சுயி பகுதியில் ஸ்டார் ஃபெர்ரி என்ற பயணிகள் படகை விட்டு இறங்கியதுமே காற்றில் என் குடைக்கம்பி இரண்டு முறிந்தது. ஐந்து மணிக்குள் கப்பலேற வேண்டும். கப்பல் முனையமோ பழைய காய் டாக் விமான ஓடுபாதையின் கோடியில். கைகாட்டிய டாக்சி எதுவும் நிற்கவில்லை.

காய்கறிப் பையோடு வந்த ஒரு பாட்டி என் கப்பல் அட்டையைப் பார்த்தார். பாஷை புரியவில்லை, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். குடையை என் பக்கமே சாய்த்ததில் அவருடைய இடது தோள் தொப்பலாகிவிட்டது. டாக்சி வரிசையில் நிறுத்தி, ஓட்டுநரிடம் கான்டனீஸில் ஏதோ அதட்டி (அப்படித்தான் எனக்குக் கேட்டது) ஏற்றிவிட்டார். நாலரைக்கெல்லாம் கப்பலில் இருந்தேன்.

பாட்டி, உங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை. ரொம்ப நன்றி. என் பையில் நீங்கள் போட்டிருந்த ஆரஞ்சை அப்புறம்தான் பார்த்தேன்.