வலிமையான இடைவினைக்கு ஓர் அலகு ஒதுக்குங்கள்: முதுகலை இயற்பியல் பாடத்திட்டக் குழுவினருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டக் கல்லூரிகளில் முதுகலை இயற்பியல் பயிலும் மாணவர்களின் பொருட்டு இதை எழுதுகிறேன். துகள் இயற்பியல் தாளில், புரோட்டான் போன்றவற்றின் உட்கூறுகளான குவார்க்குகளின் அட்டவணையை நடத்துகிறோம். துகள்களின் இடைவினையைப் படமாக வரைந்து படிப்படியாகக் கணக்கிட உதவும் ஃபெயின்மன் வரைபடங்களை மின்காந்தவியல் வரை கொண்டுசெல்கிறோம். அதற்குள் பருவம் முடிந்துவிடுகிறது. அந்த வரைபட முறை எந்த இடத்தில் கைகொடுக்காது என்பதை அறியாமலேயே மாணவர் பட்டம் பெறுகிறார்.

மின்காந்த இடைவினையின் வலிமையைக் குறிக்கும் பிணைப்பெண் ஏறத்தாழ 1/137 என்ற சிறிய எண் என்பதால், திருத்தங்களை ஒவ்வொன்றாகக் கூட்டி நுட்பமான விடையைப் பெறலாம். குவார்க்குகளைப் பிணைத்து வைக்கும் வலிமையான இடைவினையோ மிக உயர்ந்த ஆற்றலில்தான் தளர்கிறது என்பதை 1973-இல் கிராஸ், வில்செக், பொலிட்சர் ஆகியோர் காட்டினர். புரோட்டானின் அளவுக்கு இறங்கியதும் பிணைப்பு பெரிதாகி, அந்தக் கூட்டல் முறை பயனற்றுப் போகிறது. புரோட்டானின் நிறை 938 எம்இவி (துகள்களின் நிறையைக் குறிக்கும் ஆற்றல் அலகு). அதன் மூன்று குவார்க்குகளின் நிறைகளைக் கூட்டினால் சுமார் 9 எம்இவி மட்டுமே தேறும். எஞ்சியதெல்லாம் குவார்க்குகளை ஒட்டவைக்கும் குளுவான் புலமும் குவார்க்குகளின் இயக்கமும் சேர்ந்து தரும் ஆற்றல். நிறை முழுவதும், அடிப்படைத் துகள்களுக்கு நிறை தரும் ஹிக்ஸ் புலத்தின் கொடை என்று எழுதும் மாணவருக்கு இதைச் சொல்லாமல் விடுவது நியாயமா?

பிணைப்பு சிறியதாக இருந்தாலும் திருத்தங்களைக் கூட்டும் அந்தத் தொடர்முறை முழுமையானதன்று. நடுவில் மேடு கொண்ட இரட்டைக் குழி நிலையாற்றலில் துகள் ஒரு குழியிலிருந்து மற்றொன்றுக்கு ஊடுருவுவதால் கீழ்மட்ட ஆற்றல் இரண்டாகப் பிரிகிறது. அந்தப் பிரிவு, பிணைப்பெண்ணின் தலைகீழியை எதிர்க்குறியுடன் அடுக்காகக் கொண்ட சார்பு. அதன் டெய்லர் தொடரில் எல்லாக் கெழுக்களும் பூச்சியம். எத்தனை வரிசைகள் கணக்கிட்டாலும் அது கண்ணில் படாது. குவாண்டம் இயக்கவியல் படித்த எவரும் கரும்பலகையில் சரிபார்க்கக்கூடிய உண்மை இது. தொடர்முறைக்கு அப்பாற்பட்ட இயற்பியலுக்குள் நுழைய இவ்வளவு தெளிவான வாயில் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

வெளிகாலத்தைக் கட்டம்கட்டமாகப் பகுத்துக் கணக்கிடும் லேட்டிஸ் முறையை வில்சன் 1974-இல் முன்வைத்தார். 2008-இல் புரோட்டான் உள்ளிட்ட துகள்களின் நிறைகள் அம்முறையில் சில விழுக்காட்டுப் பிழைக்குள் பெறப்பட்டன. அந்தக் கணக்குகளுக்குப் பெரும் கணினிகள் வேண்டும் என்பது உண்மையே. ஆனால் அதே இரட்டைக் குழியை தற்செயல் எண்களைக் கொண்டு கணிக்கும் மான்டி கார்லோ முறையில் கணக்கிட, வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்க்கும் ரங்கே-குட்டா செய்முறைக்கு நம் ஆய்வகங்களில் பயன்படும் கணினியே போதும்.

கிராமப்புறத்திலிருந்து வரும், பள்ளியில் தமிழ்வழி படித்த மாணவருக்கு இது மிகை என்று சொல்லப்படுவதை நான் ஏற்கவில்லை. குவார்க்குகள் ஏன் தனித்து வெளிப்படுவதில்லை என்பதற்கு இன்றுவரை கணிதவழி நிறுவல் இல்லை; அதனுடன் நெருங்கிய தொடர்புள்ள நிறை இடைவெளிச் சிக்கலுக்கு (மிக இலேசான துகளுக்கும் பூச்சியமல்லாத நிறை உண்டு என்று நிறுவும் சிக்கலுக்கு) கிளே கணித நிறுவனம் 2000-இல் அறிவித்த பத்து லட்சம் டாலர் பரிசும் அப்படியே இருக்கிறது. திறந்து கிடக்கும் கேள்வியைக் காணும் உரிமை அவருக்கும் உண்டு.

எனவே, அடுத்த பாடத்திட்டத் திருத்தத்தில் வலிமையான இடைவினை பற்றிய ஓர் அலகும் இரண்டு கணினிச் செய்முறைகளும் சேர்க்குமாறு வேண்டுகிறேன். தமிழில் விளக்கக் குறிப்புகள் எழுதித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
காவிரிப் படுகையின் இயற்பியல் ஆசிரியர் ஒருவர்