சாவித் திருகு தந்த அண்ணாச்சிக்கு

போன மாசம் நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு வாட்ச் ரிப்பேர் கடையில் என் அருகில் நின்ற வெள்ளைச் சட்டை அண்ணாச்சிக்கு இந்த நன்றி. பெயர் கேட்காமல் விட்டுவிட்டேன்.

அப்பாவின் எச்எம்டி ஜனதா வாட்சைக் கொண்டுபோயிருந்தேன். மெஷினுக்குள் தேய்மானம் குறைக்க 17 குட்டிக் கல் வைத்தது, தினமும் சாவி கொடுக்கிற வகை. சாவி கொடுக்கிற திருகு தொலைந்து, டயல் முழுக்கப் பழுப்புக் கறை. புது பெயின்ட் அடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். கேட்டுக்கொண்டே நின்றவர் சட்டென்று, "மக்கா, டயல்ல கை வைக்காத. அது உனக்க அப்பாவுக்க வேர்வை. மெஷினை மட்டும் கழுவி எண்ணெய் போடச் சொல்லு" என்றார். 1961-ல் எச்எம்டி வாட்ச் செய்யத் தொடங்கியதே ஜப்பானின் சிட்டிசன் துணையோடுதான், மெஷின் லேசில் சாகாது என்றார். அப்புறம் பையிலிருந்து ஒரு பழைய திருகை எடுத்துக் கடைக்காரரிடம் நீட்டினார். பொருந்திவிட்டது! காசு வாங்கவில்லை, தக்கலை பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டார்.

என்னிடம் இருப்பது மொத்தமே மூன்று: இது, மாமா கல்யாணத்துக்குக் கட்டியது, அம்மாவின் குட்டி வாட்ச். விற்றால் பெரிதாக ஒன்றும் தேறாது. நெட்டில் பளபளக்கும் 'பழைய' வாட்ச் பலவும் டயல் மாற்றி அடித்தவை என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். நாலாவதாக ஒன்று பார்த்தேன். பின்மூடியைத் திறந்து காட்டச் சொன்னேன்; விற்பவரிடமிருந்து பதிலே இல்லை.

அண்ணாச்சி, வாட்ச் ஓடுகிறது. நாளுக்கு இரண்டு நிமிடம் பிந்துகிறது, அவ்வளவுதான்.