பேத்தியின் நோயும் தூது ஆர்என்ஏவும்

அன்புள்ள மாலதி,

உன் பேத்திக்குப் புரோப்பியோனிக் அசிடீமியா (ஒரு நொதி குறைவதால் உடலில் நச்சு அமிலங்கள் சேரும் பிறவி நோய்) என்று உறுதியானதைப் படித்த நாளிலிருந்து வேறெதிலும் என் மனம் செல்லவில்லை. கோவிட் தடுப்பூசியில் வந்த தூது ஆர்என்ஏ (புரதம் கட்டும் செய்முறையைச் செல்லுக்குத் தரும் மூலக்கூறு) இதற்கும் உதவுமா என்று கேட்டிருந்தாய். நான் படித்தறிந்ததை எழுதுகிறேன்.

குறைவது ஒரு நொதிதானே, அதையே ஊசி வழியாகச் செலுத்தினால் என்ன என்று யாருக்கும் தோன்றும். இன்னொரு நொதிக் குறைபாடான கோஷே நோய்க்கு 1990-களிலிருந்து அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அந்த நொதி வேலை செய்யும் இடம், செல்லின் கழிவுகளைச் செரிக்கும் பையான லைசோசோம். வெளியிலிருந்து வருவதைச் செல் விழுங்கி, அங்கேதான் கொண்டுசேர்க்கும். குழந்தைக்கு வேண்டிய நொதியோ செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருக்க வேண்டியது. இரத்தத்தில் விட்டால் அவ்விடத்தைச் சென்றடைய அதற்கு வழியில்லை. மாறாக, தூது ஆர்என்ஏ செல்லுக்குள் நுழைந்துவிட்டால், அங்கே புரதங்களைக் கட்டும் ரைபோசோம்கள் அதைப் படித்து நொதியை அங்கேயே கட்டிவிடும். அந்த நொதி தன் முனையிலுள்ள அடையாளத்தைக் கொண்டு மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய்ச் சேரும். இந்த ஒரு காரணத்துக்காகவே இம்முறையில் எனக்கு நம்பிக்கை பிறந்தது.

இது தடுப்பூசிக்குப் பின் தோன்றிய எண்ணமும் அன்று. உடலில் நீரைக் காக்கும் வாசோப்ரெசின் என்ற ஹார்மோன் சுரக்காத எலிகளின் மூளையில் அதற்குரிய ஆர்என்ஏவைச் செலுத்தி, அவற்றின் நோயைச் சில நாட்களுக்குத் தணித்துக் காட்டியது 1992-இல். வெளியிலிருந்து வரும் ஆர்என்ஏவை உடல் எதிரியாகக் கருதியதே பெருந்தடையாக இருந்தது. அதன் வேதி எழுத்துகளில் ஒன்றை மாற்றி அந்தத் தடையைத் தாண்டலாம் என்று 2005-இல் காட்டிய கேட்டலின் காரிகோவும் ட்ரூ வைஸ்மனும் 2023-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

உன் பேத்தியின் நோய்க்கே நடந்த சோதனையின் இடைக்கால முடிவுகள் 2024-இல் வெளிவந்தன. பங்கேற்றவர்கள் 16 பேர். இரண்டு அல்லது மூன்று வாரங்களுக்கு ஒருமுறை மருந்து ஏற்றினார்கள். முந்தைய ஆண்டில் வளர்சிதை நெருக்கடிக்கு (நச்சு அமிலங்கள் திடீரென மிகுந்து உயிருக்கே ஆபத்தாகும் நிலைக்கு) ஆளாகியிருந்த 8 பேரிடம் அந்த ஆபத்து சுமார் 70 விழுக்காடு குறைந்திருந்தது. எட்டுப் பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை என்பதை மறந்துவிடாதே.

என்னை உறுத்துபவை இரண்டு. ஆர்என்ஏ சில நாட்களில் சிதைந்துவிடுவதால் மருந்தை மீண்டும் மீண்டும் ஏற்ற வேண்டும், அளவும் பெரிது. கோவிட் தடுப்பூசி ஒன்றில் 30 மைக்ரோகிராம் இருந்தது, கிலோவுக்கு 0.3 மில்லிகிராம் என்ற தொடக்க அளவில்கூட, 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அதைப்போல் 200 மடங்கு வேண்டும். மற்றொன்று, ஆர்என்ஏவைச் சுமந்து செல்லும் கொழுப்பு நுண்துகள்கள் பெரும்பாலும் கல்லீரலுக்கே போகின்றன. நச்சு அமிலங்களைக் குறைக்க அது உதவும். ஆனால் இந்நோயில் இதயத் தசையும் பலவீனமடையக்கூடும் என்பதால், கல்லீரல் சீரானால் மட்டும் போதுமா என்ற கவலை எனக்கு இருக்கிறது.

ஆகையால் மருத்துவர் வகுத்த உணவுக் கட்டுப்பாட்டை இப்போது எக்காரணம் கொண்டும் தளர்த்த வேண்டாம். சோதனையில் சேர வாய்ப்பு உண்டா என்பதை அவரிடமே கேள். குழந்தைக்குக் குறையும் அந்த நொதி ஆல்ஃபா, பீட்டா என்ற இரண்டு அலகுகளால் ஆனது. பழுது ஆல்ஃபாவிலா பீட்டாவிலா என்று மரபணு அறிக்கை வந்ததும் எழுது. மருந்தில் இரண்டுக்கும் உரிய ஆர்என்ஏக்கள் சேர்ந்தே இருப்பதால், எதுவானாலும் நீ கலங்க வேண்டியதில்லை.

அன்புடன்,
சுந்தரி