இழுவைக்கு டீசல்தான் என்பது பாதிக் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிரெய்லர் இழுக்கும் பிக்கப் வண்டிகள் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, இழுவை என்றால் டீசல்தான் என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டது. டீசலின் டார்க் (சக்கரத்தைத் திருப்பும் முறுக்கு விசை) பற்றிச் சொன்னதில் தவறில்லை. 1,600 முதல் 1,800 ஆர்பிஎம்முக்குள் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்று) முழு டார்க்கும் வந்துவிடுவதால் மேட்டில் கியர் குறைக்கும் வேலை அதிகம் இருக்காது. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ இருப்பதால் மலை உயரத்தாலும் பெரிதாகச் சோர்ந்துபோகாது. டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினோ ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் ஏறக்குறைய 3 சதவீத சக்தியை இழக்கும். இதெல்லாம் சரிதான். வாங்கிய பிறகு கையைக் கடிக்கிற கணக்குகளைத்தான் கட்டுரை தொடவில்லை.

முதலில் எடை. பெரிய பிக்கப்களில் டீசல் எஞ்சினும் அதன் துணைக் கருவிகளும் சேர்ந்து பெட்ரோல் வண்டியைவிடச் சுமார் 300 கிலோ கூடுதல். அந்த எடை, வண்டி சுமக்கக்கூடிய லோடில்தான் கழியும். 4,500 கிலோ மொத்த எடை அனுமதி உள்ள ஒரு மாடலை எடுத்துக்கொள்வோம். பெட்ரோல் வண்டி காலியாக 3,400 கிலோ என்றால் மிச்சம் 1,100 கிலோ. அதே வண்டி டீசலில் 3,700 கிலோ, மிச்சம் 800 கிலோ. இதில் 4,000 கிலோ டிரெய்லரை மாட்டுங்கள். சாதாரண பந்து ஹிட்ச்சில் (டிரெய்லரை மாட்டும் கொக்கி) டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் இறங்கும். 12 சதவீதம் என்றே வைத்தால் 480 கிலோ. நான்கு பேர், பெட்டி படுக்கையோடு 300 கிலோ. ஹிட்ச், கருவிகள் 40 கிலோ. ஆக 820. அதிக இழுதிறன் உள்ளதாக விளம்பரமாகும் டீசல் வண்டி இங்கே வரம்பை மீறிவிட்டது. பெட்ரோல் வண்டிக்கு 280 கிலோ இன்னும் பாக்கி இருக்கிறது. கொக்கி எடையைக் குறைத்துச் சமாளிக்கலாம் என்று டிரெய்லரின் பின்பக்கம் லோடைத் தள்ளுகிறவர்கள் உண்டு. 10 சதவீதத்துக்குக் கீழே போனால் டிரெய்லர் வால் ஆட்ட ஆரம்பிக்கும், வேகத்தில் அதைப் பிடித்து நிறுத்துவது கடினம். விளம்பரத்தில் உள்ள இழுதிறனை விட்டுவிட்டு, ஓட்டுநர் கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் எடைத் தகட்டைப் படிப்பதே நல்லது.

இறக்கத்தைப் பற்றிக் கட்டுரை வாயே திறக்கவில்லை. டீசல் எஞ்சினில் காற்றை அடைக்கும் த்ராட்டில் வேலை பெட்ரோல் எஞ்சின் அளவுக்குக் கிடையாது. ஆகவே காலை எடுத்ததும் அது தானாகப் பெரிதாக வேகத்தைக் குறைக்காது. பெரிய டீசல் பிக்கப்கள் இறக்கத்தில் அடக்கமாக இறங்குவதற்குக் காரணம் எக்ஸாஸ்ட் பிரேக். டர்போவின் இதழ்கள் மூடிக்கொண்டு புகையை அடைத்து எஞ்சினுக்கு எதிர்ப்பு கொடுக்கும். அது இருந்தால், நீண்ட இறக்கத்தில் டீசலுக்கு நிகர் இல்லை. பிரேக் லைனிங் சூடேறிப் பிடிமானம் போகும் பயம் வெகுவாகக் குறையும். சிறிய டீசல் பிக்கப்கள் பலவற்றில் அது இருக்காது. வாங்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். பெட்ரோல் வண்டியில் இரண்டு கியர் குறைத்து 4,000 ஆர்பிஎம்முக்கு மேல் இரையவிட்டு இறங்க வேண்டும். சத்தம் காதைத் துளைக்கும், ஆனால் ஆர்பிஎம் மீட்டரின் சிவப்புக் கோட்டைத் தாண்டாதவரை எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது.

அடுத்தது டிபிஎஃப் எனும் கரி வடிகட்டி. பிடித்த கரியை எரிக்க அதற்குச் சுமார் 600 டிகிரி சூடு வேண்டும். லோடு இழுத்து நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு அந்தச் சூடு எளிதில் கிடைக்கும். வருடத்தில் நாலு தடவை இழுத்துவிட்டு, மீதி நாளெல்லாம் காலி வண்டியாக ஐந்து கிலோமீட்டர் போய்வந்தால் எரிப்பு பாதியில் நின்றுகொண்டே இருக்கும். அதற்கென்று சிலிண்டருக்குள் கூடுதலாகத் தெளிக்கப்படும் டீசல், பல எஞ்சின்களில் சுவர் வழியே வழிந்து ஆயிலோடு கலக்கும். டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள்: ஊற்றாமலே மேல்கோட்டுக்கு மேல் ஆயில் ஏறியிருந்து, டீசல் வாசனையும் அடித்தால் கதை அதுதான். உடனே ஆயில் மாற்றாவிட்டால் பேரிங் தேயும். டீசல் வண்டி உழைப்பால் கெடுவதைவிட சும்மா இருந்து கெடுவதே அதிகம் என்பேன்.

எரிபொருள் ஃபில்டரில் சேரும் தண்ணீரையும் அலட்சியம் செய்யக்கூடாது. 2,000 பார் அழுத்தத்தில் ஓடும் பம்ப்புக்கு டீசலேதான் மசகு. தண்ணீர் புகுந்தால் பம்ப் தேய்ந்து, இரும்புத் துகள் ரெயில் எனும் எரிபொருள் குழாய், டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் எல்லாவற்றுக்கும் பரவும். ஒரு பாகத்தோடு செலவு நிற்காது. எஞ்சினை அணைத்து, ஃபில்டர் அடியிலுள்ள வடிகால் திருகைத் தளர்த்தி, சுத்தமான டீசல் வரும்வரை வடியவிட்டால் போதும்.

பெட்ரோலும் குறையில்லாதது அல்ல. டர்போ பெட்ரோல் எஞ்சின் கடும் லோடில் தன்னைக் குளிர்விக்கக் கூடுதல் பெட்ரோலைக் குடிக்கும். மேட்டில் மைலேஜ் சட்டென்று சரியும். வாங்கும்போதே கிரவுன்–பினியன் (சக்கர அச்சிலுள்ள கடைசிப் பற்சக்கர ஜோடி) விகிதத்தைக் கவனியுங்கள். 3.55க்குப் பதில் 4.30 எடுத்தால் அதே கியரில் சக்கரத்துக்கு 21 சதவீதம் கூடுதல் டார்க் போகும். பெட்ரோல் இழுக்கவில்லை என்று புலம்புகிறவர்களில் பலர் இந்த விகிதத்தைப் பார்க்காமல் வாங்கியவர்கள்.

செலவுக்கு ஒரு எளிய வழி. இரண்டு வண்டிக்கும் உள்ள விலை வித்தியாசத்தை ஒரு லிட்டர் எரிபொருள் விலையால் வகுங்கள் (இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை என்று கொண்டு). இழுக்கும்போது பெட்ரோல் 100 கிலோமீட்டருக்கு 25 லிட்டரும் டீசல் 18 லிட்டரும் குடிக்கிறது என்று கொண்டால் மிச்சம் 7 லிட்டர். வித்தியாசம் 7,000 லிட்டர் விலைக்குச் சமம் என்றால், டிரெய்லரோடு ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடினால்தான் முதல் தேறும். புகையைச் சுத்தப்படுத்த ஊற்றும் யூரியா கரைசல், 12 லிட்டர்வரை பிடிக்கும் ஆயில், இரண்டு ஃபில்டர்கள் தனி. வாரம் தவறாமல் நாலு டன்னுக்கு மேல் இழுப்பவருக்கும் மலைப்பாதையே தொழிலாகக் கொண்டவருக்கும் இந்தக் கணக்கு கட்டுப்படியாகும். மற்றவர்களுக்குப் பெட்ரோலே போதும்.

பழைய டீசல் வண்டி தேடுகிறவர்களுக்கு ஒரு சோதனை: எஞ்சின் ஆறியபின் புகைக்குழாய் உள்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். டிபிஎஃப் ஒழுங்காக இருந்தால் துணியில் கரி ஒட்டாது. கறுப்பாக வந்தால், அது விரிசல் விட்டிருக்க வேண்டும் அல்லது யாரோ அறுத்து எடுத்திருக்க வேண்டும். விற்பவர் என்ன சொன்னாலும் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
பணிமனைத் தொழிலில் இருக்கும் வாசகர் ஒருவர்