கணினி சரிசெய்யும் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை நடத்தும் அண்ணன்மார்களுக்கும் தம்பிமார்களுக்கும் வணக்கம்.

குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கிறவன் நான். ஷீட்டுக்கு ஒரு விலை, ஒட்டுப்பாலுக்கு ஒரு விலை, ஆளுக்கொரு முன்பணம். இந்தக் கணக்குக்குச் சொந்தக்காரப் பையன் ஒருவன் சின்னதாக ஒரு மென்பொருள் எழுதித் தந்தான். புதுக் கம்ப்யூட்டரில் அதைத் திறந்ததும் நீலப் பெட்டி ஒன்று வந்து மறித்தது. ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். இரண்டே நிமிடத்தில் சரியானது. 100 ரூபாய் கொடுத்துவிட்டுச் சந்தோஷமாகத் திரும்பினேன்.

மழை பிடித்துப் பால்வெட்டு நின்ற ஒரு நாள் சும்மா உட்கார்ந்திருந்தபோதுதான் கவனித்தேன், திரையின் வலது ஓரத்தில் கேடயப் படத்தின்மேல் மஞ்சள் முக்கோணம். பையனைக் கூப்பிட்டேன். பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான். அந்த நீலப் பெட்டியைக் காட்டும் விண்டோஸின் காவல், ஸ்மார்ட்ஸ்கிரீன், மொத்தமாக அணைந்து கிடந்தது. கடையில் 'சரிசெய்தது' அதைத்தான். அதே கம்ப்யூட்டரில்தான் நான் வங்கிக்குள் போகிறேன், மகள் கண்டதையும் இறக்குகிறாள்.

அந்த நீலப் பெட்டி 'இது வைரஸ்' என்று சொல்லவே இல்லையாம். எழுதியவரின் டிஜிட்டல் கையொப்பம் இல்லை, அதிகம் பேர் இறக்கியதும் இல்லை, எனக்கு ஆளைத் தெரியாது என்பதுதான் அதன் பேச்சு. அதிலேயே 'மோர் இன்ஃபோ' என்று பொடி எழுத்தில் ஒரு வரி. அதை அழுத்தினால் 'ரன் எனிவே' வரும். இல்லையென்றால் ஃபைலை வலது கிளிக் செய்து, பிராப்பர்டீஸில் 'அன்பிளாக்' கட்டத்தை டிக் செய்யலாம். இணையத்திலிருந்து வந்தது என்று விண்டோஸ் ஒட்டி வைத்த அடையாளம் அதோடு போய்விடும். ஜிப் ஃபைல் என்றால் பிரிப்பதற்கு முன்பே இதைச் செய்யவேண்டும். விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டர், வைரஸின் பெயரையே சொல்லித் தடுத்தால் கதை வேறு. அங்கே யாரும் கைவைக்க வேண்டாம்.

நம்பகம் தெரியாத நிரல்களை ஓடவே விடாத இன்னொரு காவல், விண்டோஸ் 11இன் ஸ்மார்ட் ஆப் கண்ட்ரோல், கொஞ்சம் முரடு. ஒரே ஒரு நிரலுக்கு மட்டும் விலக்கு தராது. வெகுகாலம் அதை ஒருமுறை அணைத்தால் விண்டோஸையே மறுபடி போட்டால்தான் திரும்பி வரும் என்ற நிலை இருந்தது. எங்களைக் கேட்காமல் அதைத் தொடாதீர்கள்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு: இப்படி மறிக்கப்பட்ட நிரலைக் கண்ட்ரோலை அழுத்திக் கிளிக் செய்து திறக்கும் பழைய வித்தை, 2024இல் வந்த மேக்ஓஎஸ் செக்கோயா பதிப்பில் செல்லாது. ஒருமுறை திறந்து பார்த்து, அது மறுத்த பிறகு செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குப் போனால் கீழே 'ஓப்பன் எனிவே' இருக்கும்.

பையனும் கையொப்பம் போடலாமே என்பீர்கள். நானும் கேட்டேன். ஆப்பிளுக்கு வருடம் 99 டாலர். விண்டோஸுக்கான சான்றிதழைக் காசு கொடுத்து வாங்கவேண்டும், 2023 ஜூனிலிருந்து கையொப்பம் போடும் அதன் ரகசியச் சாவியைப் பாதுகாப்பான வன்பொருளில்தான் வைக்கவேண்டும். என் ஒருவன் கணக்குக்காக அவன் எங்கே போவான்? அதனால் ஒவ்வொரு புது ஃபைலுக்கும் கைரேகை போன்ற அதன் ஷா-256 எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறான். விண்டோஸிலேயே இருக்கும் செர்ட்யூட்டில் கட்டளையால் நான் ஒத்துப்பார்க்கிறேன். 64 எழுத்தில் ஒன்று மாறினாலும் அது அவன் அனுப்பிய ஃபைல் இல்லை.

இனி எதையாவது அணைத்தால் பில்லில் ஒரு வரி எழுதித் தாருங்கள். அதற்கு 150 ரூபாய் கேட்டாலும் தருவேன்.