24 மீட்டர் கயிறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வகுப்பில் மாணவர்களின் கவனம் சிதறுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பாடத்தை இன்னும் எளிதாக்கச் சொல்கிறார் கட்டுரையாளர். முப்பது ஆண்டுகள் கணக்கு நடத்திய எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பாடம் புரியாமல் கொட்டாவி விட்டவர்களும் உண்டு. யோசிக்க ஒன்றுமே இல்லாததால் கொட்டாவி விட்டவர்கள் எண்ணிக்கையில் அவர்களுக்குக் குறைந்தவர்கள் அல்லர்.

பரப்பளவுச் சூத்திரத்தைச் சொல்லிவிட்டு இருபது கணக்குகளைக் கொடுப்பதுதான் என் பழக்கம். ஒருநாள் அதை விட்டுவிட்டு, "24 மீட்டர் கயிற்றால் செவ்வகமாக நிலத்தை வளைத்தால் அதிகபட்சம் எவ்வளவு இடம் கிடைக்கும்?" என்று மட்டும் கேட்டேன். கயிறு ஒன்றுதானே, எப்படி வளைத்தாலும் பரப்பு மாறாது என்று அடித்துச் சொன்னார்கள் பலர். 11க்கு 1 என்று வரைந்தவனுக்கு 11 சதுர மீட்டர். 8க்கு 4 என்று வரைந்தவளுக்கு 32. வகுப்பே இரண்டுபட்டது. கடைசியில் 6க்கு 6 சதுரத்தில் 36 என்று ஒருவழியாக முடிவானபோது, அதுவரை வாய் திறக்காத ஒருவன், "ஒரு பக்கம் ஏற்கெனவே சுவர் இருந்தால், ஐயா?" என்றான். நான் அதை எதிர்பார்க்கவில்லை. கரும்பலகையில் அவர்களோடு நானும் தட்டுத்தடுமாறித்தான் கண்டுபிடித்தேன்: 12க்கு 6, அதாவது 72. சரியாக இருமடங்கு!

எட்டாத உயரத்தில் கேள்வியை வைத்தாலும் பயனில்லை. தனியாக முடியாது, சிறு துணை இருந்தால் முடியும் என்ற இடத்தில்தான் கற்றல் நடக்கிறது என்றார் ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி. அந்தத் துணையையும் அவசரப்பட்டு நீட்டிவிடக் கூடாது. கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள், மூன்று விநாடி பொறுத்தால் பதில்கள் நீளமாகவும் ஆழமாகவும் வருகின்றன என்று 1970களிலேயே மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் காட்டினார். மூன்று விநாடி மௌனம் வகுப்பில் எவ்வளவு நீளம் என்பது நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

நானும் தவறு செய்திருக்கிறேன். முதலில் முடிப்பவருக்கு மதிப்பெண் என்று ஒருமுறை அறிவித்தேன். இரண்டு பேர் முடித்ததும் மற்றவர்கள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்கள். சவாலைப் பந்தயமாக்கியது என் பிழை.

அந்தக் கயிற்றுக் கணக்கு இரண்டு பாடவேளைகளை விழுங்கியது. அந்த மாதம் பாடத்திட்டத்தில் பின்தங்கியதற்குத் தலைமையாசிரியரிடம் விளக்கம் எழுதிக் கொடுத்தேன். அந்த நேரத்தை ஆசிரியருக்கு யார் தருவது என்பது பற்றியும் உங்கள் கட்டுரையாளர் எழுத வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர்