வெள்ளைச் சட்டை இளைஞர்களுக்கு யார் சம்பளம் தருகிறார்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் தோன்றிய மார்மன் என்ற கிறிஸ்தவச் சபையின் சார்பில் வெளிநாடுகளில் மதப் பணி செய்யும் இளைஞர்களைப் பற்றிச் சில வாரங்களுக்கு முன் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அவர்கள் மாதச் சம்பளத்துக்கு ஆள் பிடிக்க அனுப்பப்படுகிறவர்கள் என்ற பொருளில் அதில் எழுதப்பட்டிருந்தது. தைவானின் சின்சூ நகரில் 2014 முதல் ஆய்வுப் பணியில் இருக்கும் நான், அதில் பெரும்பகுதிக் காலம் இத்தகைய இளைஞர்கள் குடியிருக்கும் வீட்டுக்கு நேர் கீழ்த் தளத்தில் வசித்து வருகிறேன். அந்தச் சபையில் நான் சேர்ந்தவன் அல்லன். சேரும் எண்ணமும் இல்லை. ஆயினும் கண்ணெதிரே நடப்பதற்கு நேர்மாறாக ஒன்று அச்சில் வரும்போது பேசாமல் இருக்க முடியவில்லை.

அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. இந்தப் பணிக்குப் பணம் கட்டுகிறவர்களே அவர்கள்தாம். அமெரிக்காவிலிருந்து வருபவர் ஒவ்வொருவரும், தம்மை எந்த நாட்டுக்கு அனுப்பினாலும், மாதம் 400 டாலர் என்ற ஒரே தொகையைச் சபையின் பொது நிதியில் செலுத்தி வந்தனர். 2020 ஜூலை முதல் அது 500 டாலராயிற்று. ஆண்களுக்குப் பணிக்காலம் 24 மாதங்கள் என்பதால் மொத்தம் 12,000 டாலர். வீட்டு வாடகை, சாப்பாடு எல்லாம் அந்தப் பொது நிதியிலிருந்தே வருகின்றன. நம் வீடுகளில் பெண்ணின் திருமணத்துக்கு நகைச் சீட்டுக் கட்டுவதுபோல, அவர்கள் வீடுகளில் பிள்ளை சிறுவனாக இருக்கும்போதே இதற்கென்று சேமிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். மேல் தளத்தில் இருந்த ஒருவர், பள்ளி விடுமுறைகளில் புல்வெளி வெட்டியும் பீட்சாக் கடையில் மாவு பிசைந்தும் சேர்த்த பணத்தில் வந்தவர். வசதியற்ற நாடுகளிலிருந்து வருபவர்களுக்கு நன்கொடை நிதியிலிருந்து உதவி உண்டு. அதுவும் செலவுக்கே அன்றிச் சம்பளம் அன்று.

அவர்களை நான் முதன்முதலில் சந்தித்தது ஒரு சிக்னலில். தைவானில் சிவப்பு விளக்கு விழுந்தால் ஸ்கூட்டர்கள் வரிசையாக முன்னால் வந்து நிற்கும்; விளக்கின் மேல் நொடிகள் இறங்குமுகமாக ஓடிக்கொண்டிருக்கும். அந்த நொடிகளுக்குள் பக்கத்தில் மிதிவண்டியில் வந்து நின்ற, கழுத்துப்பட்டை கட்டிய வெள்ளைச் சட்டை இளைஞர் ஒருவர், நலம் விசாரித்து, எந்த ஊர் என்று கேட்டு, இலவச ஆங்கில வகுப்பு உண்டு என்று சொல்லி, கையில் ஓர் அட்டையையும் கொடுத்துவிட்டார். எல்லாம் சீன மொழியில். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து போன நானும், அமெரிக்காவிலிருந்து வந்த அவரும், இருவருக்கும் சரியாக வராத மூன்றாவது மொழியில் தடுமாறிக்கொண்டிருந்தபோது பச்சை விளக்கு விழுந்தது. ஆங்கிலம் தெரியும் என்று நான் சொல்வதற்குள் பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

பிறகு அவர்களே மேல்வீட்டுக்குக் குடிவந்தார்கள். ஆள் மாறினாலும் வீடு மாறவில்லை. ஆறு வாரங்களுக்கு ஒருமுறை இடமாற்றம் வரலாம். இரண்டு பெட்டிகளோடு ஒருவர் படியிறங்குவார், இரண்டு பெட்டிகளோடு இன்னொருவர் படியேறுவார். காலை ஆறரைக்கு எங்கள் கூரை 'தொம் தொம்' என்று அதிரும். அது தண்டால் எடுக்கும் நேரம். பிறகு காலை உணவு, வேதப் படிப்பு, மொழிப் பாடம். பத்து மணி வாக்கில் மிதிவண்டிகளைத் தள்ளிக்கொண்டு வெளியே போனால், இரவு ஒன்பதரைக்குப் படிக்கட்டில் தலைக்கவசங்கள் மோதும் சத்தம் கேட்கும். பத்தரைக்கு விளக்கு அணைந்துவிடும். சின்சூவைக் 'காற்று நகரம்' என்பார்கள்; இங்கே அடிக்கும் வாடைக் காற்றில்தான் நம் இடியாப்பத்தைக் காயவைத்தாற்போன்ற அரிசி நூடுல்ஸை உலர்த்துகிறார்கள். அந்தக் காற்றுக்கு எதிராக மிதித்துவிட்டுத் திரும்பும் இரவுகளில் அவர்கள் படியேறும் சத்தமே வேறு மாதிரி இருக்கும்.

திங்கட்கிழமை மட்டும் சற்று ஓய்வு. துணி துவைப்பது, முடி வெட்டிக்கொள்வது, கடைக்குப் போவது, வீட்டுக்குக் கடிதம் எழுதுவது எல்லாம் அன்று மாலைக்குள் முடிந்தாக வேண்டும். மாடிக் கொடியில் பத்துப் பன்னிரண்டு வெள்ளைச் சட்டைகள் தொங்கும். ஒருமுறை மிதிவண்டிச் சங்கிலி அறுந்து முழங்கை வரை கறுப்பு மசகோடு வந்த ஒருவர், பழைய பல் துலக்கியால் சட்டைக் கையை அரை மணி நேரம் தேய்த்துக்கொண்டிருந்தார். என் மனைவி மேலே போய், சவர்க்காரத்தைப் போட்டு முதலில் ஊறவைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். அவர் அவர்களைத் 'தம்பி' என்று அழைப்பார். சில நாட்களில் அவர்களே ஒருவரையொருவர் 'தம்பி' என்று கூப்பிட்டுக்கொள்வது கூரை வழியாகக் கேட்கத் தொடங்கிற்று.

சபையில் அவர்களுக்குரிய பட்டமோ 'மூப்பர்'. பத்தொன்பது வயதுப் பையன் சட்டைப் பையில் அப்படி எழுதிய கறுப்பு வில்லையைக் குத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்து இங்குள்ள கிழவிகள் வாய்விட்டுச் சிரிப்பார்கள். சீன மொழியில் 'கேட்க' என்பதற்கும் 'முத்தமிட' என்பதற்கும் ஒலி ஒன்றே, சுரம்தான் வேறு. ஆகவே தெருமுனைப் பழக்கடைப் பாட்டியிடம் ஒரு மூப்பர், "உங்களிடம் ஒன்று கேட்கலாமா" என்பதற்குப் பதிலாக வேறொன்றைக் கேட்டுவிட்டு, பாட்டி அதை ஊரெல்லாம் சொல்லி மகிழ்ந்தது தனிக் கதை. ல, ள, ழ மூன்றையும் ஒன்றாக உச்சரிக்கும் தொலைக்காட்சிகளைக் கேட்டு வளரும் நம் பிள்ளைகளுக்கு அந்தச் சங்கடம் எளிதில் புரியும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், புரோவோ நகரில் உள்ள பயிற்சி மையத்தில் சில வாரங்கள் படித்த சீன மொழியோடு அவர்கள் இங்கே இறக்கிவிடப்படுகிறார்கள். மீதியைத் தெருதான் கற்றுக்கொடுக்கிறது.

அவர்கள் தேநீர், காப்பி, மது, புகையிலை எதையும் தொடமாட்டார்கள். இது 1833இல் அவர்களுடைய தலைவர் ஜோசப் ஸ்மித் அறிவித்த உணவு நெறியின்படி வந்த வழக்கம். தைவானிலோ ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் கைக்கு வருவது சிறு கோப்பையில் ஊலாங் தேநீர். அதை மறுப்பது, நம் ஊரில் வாசலுக்கு வந்தவர் தண்ணீர் வேண்டாம் என்பதற்குச் சமம். பூசணிக்காயைச் சர்க்கரையோடு காய்ச்சிச் செய்யும் ஒரு பானம் இங்கு உண்டு; பெயரில் தேநீர் இருந்தாலும் அதில் தேயிலை கிடையாது. பழகிய வீடுகளில் அதை எடுத்து வைக்கிறார்கள். எங்கள் வீட்டில் ஃபில்டர் காப்பியின் மணத்தை மட்டும் முகர்ந்துவிட்டு, மோரை இரண்டு டம்ளர் குடிப்பார்கள். என் மனைவி தனியாக இருக்கும் நாட்களில் அதுவும் வாசலில் நின்றபடிதான். பெண் தனித்திருக்கும் வீட்டுக்குள் அவர்கள் நுழையக் கூடாது.

விதிகளில் மிகக் கடினமானது எது என்று கேட்டால், எப்போதும் இருவராகவே இருக்க வேண்டும் என்ற விதிதான் என்பேன். ஒருவர் பல் மருத்துவரிடம் போனால் மற்றவர் வெளியே காத்திருக்க வேண்டும். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் மற்றவருக்கும் அன்று வேலை இல்லை. கூட்டாளியைத் தேர்ந்தெடுப்பது அவர்கள் கையில் இல்லை. வாய் ஓயாத ஒருவரும் வாய் திறக்காத ஒருவரும் ஆறு வாரங்கள் ஒரே அறையில் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஆறு வாரமும் அமைதியானவர்தான் மாடிக்கு வந்து துணி காயப்போடுவதில் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். சுற்றிலும் கடல் இருக்கும் தீவில், ஆகஸ்ட் வெயிலில்கூட நீந்தக் கூடாது; அதற்கும் விதி உண்டு. சினிமாவும் இல்லை, காதலும் இல்லை.

பெண்களைப் பற்றித் தங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. அவர்களும் 18 மாதங்கள் வருகிறார்கள். 2012 அக்டோபரில் அன்றைய தலைவர் தாமஸ் மான்சன் குறைந்தபட்ச வயதை ஆண்களுக்கு 19இலிருந்து 18 ஆகவும், பெண்களுக்கு 21இலிருந்து 19 ஆகவும் குறைத்த பிறகு பெண்களின் வருகை வெகுவாகக் கூடியது. மொத்த எண்ணிக்கை அடுத்த ஆண்டிலேயே 80,000ஐத் தாண்டியது. 2018 டிசம்பரில் கால்சட்டை அணிய அனுமதி வரும்வரை, இந்தக் காற்றில் பாவாடையோடுதான் அவர்கள் மிதிவண்டி ஓட்டினார்கள்.

கட்டுரையாளர் கேள்வி கேட்க விரும்பியிருந்தால் கேட்க வேண்டியவை வேறு இருந்தன. 2019 பிப்ரவரி வரை இந்தப் பிள்ளைகள் வீட்டாருடன் தொலைபேசியில் பேசுவதற்கு ஆண்டுக்கு இரண்டே நாட்கள் இருந்தன: கிறிஸ்துமஸ், அன்னையர் தினம். ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் மேல்வீட்டுப் பையன் ஒருவர், அம்மாவிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் ஒரு தாளில் வரிசை எண் போட்டு எழுதி வைத்திருந்ததை எனக்குக் காட்டினார். பேசத் தொடங்கினால் மறந்துவிடுமாம். ஏழாவது வரியில் 'நாய் எப்படி இருக்கிறது' என்று இருந்தது. இப்போது வாரந்தோறும் முகம் பார்த்துப் பேச அனுமதி வந்துவிட்டது; அத்தனை ஆண்டுகள் அது ஏன் இல்லை என்பதற்கு எனக்கு ஏற்கத்தக்க விடை கிடைக்கவில்லை. இன்னொருவர் தாத்தா இறந்த செய்தி கேட்டும் ஊர் திரும்புவதில்லை என்று முடிவெடுத்து, மறுநாள் வழக்கம்போல் பத்து மணிக்கு மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். நானும் என் தந்தையின் பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். என்னைத் தடுத்தது விமானச் சீட்டு. அவரைத் தடுத்தது எது என்பதை என்னால் இன்றுவரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. உடல்நலமோ மனநலமோ கெட்டு, காலம் முடியுமுன் ஊர் திரும்புகிறவர்களை அங்குள்ள சிலர் தோற்று வந்தவர்களாகப் பார்க்கும் வழக்கமும் உண்டு. திரும்பியவர்கள் பலரே அதைப் பற்றி வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். பதினெட்டு வயதில் ஒருவர் எடுக்கும் முடிவில் எவ்வளவு அவருடையது, எவ்வளவு வீட்டாருடையது என்பது நியாயமான கேள்வி. அதைக் கேட்டிருந்தால் நானே கட்டுரையாளருக்குப் பாராட்டுக் கடிதம் எழுதியிருப்பேன்.

சம்பளக் குற்றச்சாட்டு நம் ஊர் வரலாற்றுக்கும் பொருந்தவில்லை. இந்தச் சபை நியூயார்க் மாநிலத்தில் தொடங்கப்பட்டது 1830இல். 1853லேயே ரிச்சர்ட் பாலன்டைன் என்பவர் வேறு இருவரோடு சென்னைக்கு வந்து இறங்கிவிட்டார். பையில் பணம் இல்லாமல் புறப்பட்டுப் போவதே அக்காலத்தில் அவர்களுடைய முறை. மனைவி மக்களை யூட்டாவில் விட்டுவிட்டு வந்த அவர், சென்னையில் ஒரு சிறு இதழைக்கூட அச்சிட்டு நடத்தி, மறு ஆண்டு திரும்பினார். ஆள் சேர்ந்தது மிகக் குறைவு. இங்கும் பெரிதாக மாறிவிடவில்லை; 1956இல் நான்கு பேரோடு தைவானில் தொடங்கிய பணி இன்றும் நடக்கிறது என்றாலும், ஆங்கில வகுப்புக்கு வரும் கூட்டம் ஞாயிறு ஆராதனைக்கு வருவதில்லை என்று மேல்வீட்டுப் பையன்களே சிரித்துக்கொண்டு சொல்வார்கள். என் மகனும் ஆங்கில வகுப்புக்கு மட்டும் போகிறவன்தான்.

பெயரைப் பற்றியும் ஒன்று. 'மார்மன்' என்று அழைக்கப்படுவதை அவர்கள் விரும்புவதில்லை. முழுப் பெயரையே சொல்ல வேண்டும் என்று 2018இல் அப்போதைய தலைவர் ரசல் நெல்சன் கேட்டுக்கொண்டார். தமிழில் அவர்களே வைத்துக்கொண்ட பெயர் 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை'. நீளம்தான், தலைப்பில் அடங்காது. நானும் வாசகர்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காகப் பழைய பெயரையே மேலே எழுதியிருக்கிறேன். கட்டுரையின் உள்ளே ஒரு முறையாவது முழுப் பெயர் வந்திருக்கலாம்.

ஆகவே, அந்த இளைஞர்கள் சம்பளம் பெறுகிறார்கள் என்ற வரிக்கு மட்டுமாவது ஒரு திருத்தம் வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். மற்றவற்றில் கட்டுரையாளருக்கு அவருடைய கருத்து இருக்கலாம்; இந்த ஒன்று கருத்து அன்று, கணக்கு. தற்போது மேல்வீட்டில் இருப்பவர்களில் ஒருவர் வரும் வாரம் வேறு ஊருக்குப் போகிறார். எனக்குத் தருவதற்காக மிதிவண்டிப் பம்பைத் துடைத்து எடுத்து வைத்திருக்கிறாராம். பெட்டியில் அதற்கு இடம் இல்லையாம்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகன்,
சின்சூ, தைவான்.